அழையா விருந்தினரும் வீட்டு மொழியும்: எடின்பரோ கோடை விழாக்களில் ஸ்காட்ஸ் மொழி

ஒரு நகரம் உலகக் கலைகளுக்கெல்லாம் வாயிலைத் திறந்து வைக்கும்போது, அந்நகரத்தார் தம் வீட்டில் பேசும் மொழிக்கு அவ்விழாவில் என்ன இடம் கிடைக்கிறது? இவ்வினா நமக்குப் புதிதன்று. பல மொழியினர் கூடி வாழும் நகரங்களில் தமிழ் கற்பிப்போரும் கற்போரும், ஏதேனும் ஒரு விழாக்குழுவில் அமர்ந்திருந்தால், இதை ஒருமுறையேனும் எதிர்கொண்டிருப்பர். நமக்கு நெடுந்தொலைவிலுள்ள ஒரு நகரம் இதே வினாவை எவ்வாறு சந்தித்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அந்நகரம் எடின்பரோ. அங்கே பின்னுக்குத் தள்ளப்பட்ட மொழியின் பெயர் ஸ்காட்ஸ்.

எடின்பரோ ஸ்காட்லாந்தின் தலைநகர். மக்கள்தொகை ஏறத்தாழ 5 இலட்சம். அவிந்துபோன எரிமலையின் பாறை மீது பழைய கோட்டை ஒன்று நிற்கிறது. அதன் அடிவாரத்திலிருந்து குறுகலான தெருக்களும் சந்துகளும் கிளை பிரிகின்றன. கோடைக்காலம் என்றதும் நாம் அறிந்த வெயிலை எண்ணிவிட வேண்டா. ஆகஸ்டு மாதத்தில் வெப்பநிலை 20 பாகையைத் தொட்டாலே அவ்வூரார் மகிழ்வர். குடையும் கையோடு இருக்க வேண்டும். ஆனால் பகல் நீளமானது. மாதத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வானத்தில் ஒளி இருக்கும். அந்த நீண்ட மாலைகளில்தான் நகரம் முழுவதும் மேடையாகிறது.

'எடின்பரோ விழா' என ஒருமையில் சொல்வது வழக்கமேயாயினும் அது பல விழாக்களின் கூட்டம். இசைக்கும் நாடகத்துக்குமான பன்னாட்டு விழாவும் திரைப்பட விழாவும் 1947இல் தொடங்கின. கோட்டை முற்றத்தில் நடைபெறும் படைத்துறை இசை அணிவகுப்பு 1950இல் வந்தது. புத்தக விழா 1983இல். கலைக் கண்காட்சி விழா 2004இல். இவை எல்லாவற்றினும் பெரிதாக வளர்ந்துவிட்டது, எவரும் திட்டமிடாத 'ஃபிரிஞ்ச்' என்னும் விளிம்பு விழா. அதன் பிறப்பில்தான் நம் வினாவுக்குரிய விடையின் தொடக்கம் இருக்கிறது.

போருக்குப் பின் ஒரு விருந்து

முதல் விழா 1947 ஆகஸ்டு 24ஆம் நாள் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஈராண்டுகளே ஆகியிருந்தன. பிரிட்டனில் உணவுப் பொருள்கள் பலவும் துணியும் இன்னும் பங்கீட்டு முறையில்தான் கிடைத்தன. நிலக்கரிக்குக் கடும் தட்டுப்பாடு. அத்தகைய காலத்தில் மூன்று வாரம் நீளும் கலைவிழா ஒன்றை நடத்தலாம் என்று எண்ணியவர் ருடால்ஃப் பிங். அவர் வியன்னாவில் பிறந்த யூதர். ஜெர்மனியின் இசைநாடக அரங்குகளில் பணியாற்றியவர். 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் அந்நாட்டை விட்டு நீங்கினார். பின்னர் இங்கிலாந்தில் கிளைண்ட்போர்ன் இசைநாடக அரங்கின் மேலாளரானார். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 1920 முதல் நடந்துவந்த கோடை விழாவைப் போன்ற ஒன்றைப் பிரிட்டனில் நடத்த அவர் விரும்பினார். குண்டுவீச்சால் பெரிதும் சிதையாத, அரங்குகளும் விடுதிகளும் உள்ள, கண்ணுக்கினிய நகரம் ஒன்று அதற்கு வேண்டியிருந்தது. குன்றின்மேல் கோட்டை நிற்கும் எடின்பரோ அப்படிப்பட்ட நகரமாக அமைந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் ஸ்காட்லாந்துப் பொறுப்பாளராயிருந்த ஹார்வி உட்டும் நகரத் தலைவர் ஜான் ஃபால்கனரும் அவருக்குத் துணை நின்றனர்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நகர மன்றம் ஒரு பங்கும் கலை மன்றம் ஒரு பங்கும் தந்தன. மீதி நன்கொடைகளிலிருந்து வந்தது. ரோஸ்பெரி பிரபு தம் குதிரை பந்தயத்தில் வென்று கொணர்ந்த 10,000 பவுண்டை விழாவுக்குக் கொடுத்தார். கோட்டைக்கு இரவில் ஒளியூட்ட அரசு முதலில் இசையவில்லை. எரிபொருளை வீணாக்கலாகாது என்பது அதன் வாதம். நகரத்தார் தம் வீட்டுக்குரிய நிலக்கரிப் பங்கை விட்டுக்கொடுக்க முன்வந்த பின்னரே சில இரவுகள் கோட்டை ஒளி பெற்றது. விழா வெளியாரின் எண்ணமாகத் தோன்றியிருக்கலாம். அதன் செலவில் உள்ளூராரின் அடுப்பும் பங்கு கொண்டிருந்தது.

அவ்விழாவில் மக்கள் மறவாத நிகழ்ச்சி வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கச்சேரி. அதனை நடத்திய புரூனோ வால்டர் யூதர். 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் தன் ஆட்சியுடன் இணைத்துக்கொண்டதும் அவருக்கு வியன்னாவின் கதவு அடைபட்டது. அதே ஆண்டில் இசைக்குழு தன் யூதக் கலைஞர்களையும் வெளியேற்றியது. எஞ்சியவருள் பலர் நாஜிக் கட்சி உறுப்பினர். பிரிந்திருந்த அந்நடத்துநரும் குழுவும் எடின்பரோவின் அஷர் மண்டபத்தில் மீண்டும் ஒன்றுகூடினர். யூதராகப் பிறந்த மாலர் இயற்றி, நாஜிகளின் காலத்தில் தடைபட்டிருந்த 'பூமியின் பாடல்' என்னும் படைப்பை, வால்டரின் நடத்துகையில் ஆங்கிலப் பாடகி கேத்லீன் ஃபெரியர் பாடினார். நடந்த கொடுமைகள் ஒரு மாலைப்பொழுதின் இசையால் நேராகிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், போரில் எதிரெதிராக நின்ற நாட்டினர் ஓர் அரங்கில் அமர்ந்து கேட்டனர் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

இவ்வளவு உயர்ந்த நோக்குடைய விருந்தில் ஒரு குறை இருந்தது. அதிகாரபூர்வ நாடக நிரலை எடுத்துப் பாருங்கள். லண்டனின் ஓல்டு விக் குழு ஷேக்ஸ்பியரின் இரு நாடகங்களை நடித்தது. பாரிசிலிருந்து லூயி ஜூவேயின் குழு வந்து மொலியேரையும் ஜிரோடூவையும் பிரெஞ்சிலேயே நடித்தது. பிரெஞ்சுக்கு மேடை இருந்தது. விழா நடைபெறும் நாட்டின் மொழியில் எழுந்த நாடகம் ஒன்றுக்கு மேடை இல்லை.

அழைப்பின்றி வந்த எட்டுக் குழுக்கள்

தமிழில் 'அழையா விருந்தாளி' என்னும் தொடரை நாம் பெரும்பாலும் இகழ்ச்சியாகவே வழங்குகிறோம். எடின்பரோவில் அவ்விருந்தாளிகள் விழாவின் வரலாற்றையே மாற்றினர். 1947இல் எட்டு நாடகக் குழுக்கள் எவருடைய அழைப்புமின்றி வந்தன. அவற்றுள் ஆறு ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவை. இரண்டு இங்கிலாந்தைச் சேர்ந்தவை. விழாவுக்கு வந்த கூட்டம் தங்களையும் பார்க்கும் என்னும் நம்பிக்கையில் கிடைத்த சிறு கூடங்களை வாடகைக்கு எடுத்தன. ஒரு குழு பொம்மலாட்டம் நடத்தியது. இன்னொன்று எடின்பரோவிலேயே நடிக்காமல் ஃபோர்த் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள டன்ஃபர்ம்லின் தேவாலயத்தில் நடித்தது.

அடுத்த ஆண்டிலும் அழைக்கப்படாதோர் வந்தனர். அப்போது ராபர்ட் கெம்ப் என்னும் எழுத்தாளர் நாளிதழ் ஒன்றில், அதிகாரபூர்வ விழாவின் 'விளிம்பில்' நாடகங்கள் பெருகுவதைக் குறிப்பிட்டார். அந்தச் சொல்லே பெயராக நிலைத்தது. 1958இல் விளிம்பு விழாவுக்கெனச் சங்கம் அமைந்தபோது, தேர்வுக்குழு என்று ஒன்று இருக்கலாகாது என்பதை அது தன் அடிப்படை விதியாக ஏற்றுக்கொண்டது. நாடகம் நன்று, தீது என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்க அச்சங்கத்துக்கு உரிமை இல்லை. மேடை ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு, பதிவுக் கட்டணத்தைச் செலுத்தினால் எவரும் பங்கேற்கலாம். இவ்விதி இன்றும் மாறவில்லை.

விளிம்பு விழாவின் பிறப்பைச் சொல்வோர் இதனைக் கலைச் சுதந்திரத்தின் கதையாகவே சொல்வர். அது சரியே. ஆனால் அந்த எட்டுக் குழுக்களுள் ஒன்றை மட்டும் தனியே நிறுத்திக் காண்பது நமக்குப் பயன் தரும். அது கிளாஸ்கோ யூனிட்டி தியேட்டர். உழைக்கும் மக்களிடையே தோன்றிய குழு. அது கொண்டுவந்த இரண்டு நாடகங்களுள் ஒன்று மாக்சிம் கார்க்கியின் 'அடித்தளம்'. மற்றொன்று ராபர்ட் மெக்லெல்லன் எழுதிய 'டார்வாட்லெட்டியின் நிலக்கிழார்'. இரண்டாவது நாடகம் ஸ்காட்ஸ் மொழியில் அமைந்தது. அழைப்புப் பட்டியலில் இடம்பெறாத மொழி, அழைக்கப்படாதவர் வழியாக ஊருக்குள் வந்தது.

மொழியா, கொச்சையா?

ஸ்காட்ஸ் என்பது எத்தகைய மொழி என்று இங்கே சிறிது நின்று விளக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஆங்கிலத்துக்கு அப்பால் இரண்டு மரபுமொழிகள் உண்டு. மேற்குத் தீவுகளிலும் மேட்டு நிலங்களிலும் வழங்கிவந்த கேலிக் ஆங்கிலத்துக்கு மிகத் தொலைவிலுள்ளது. ஐரிஷ் மொழிக்கு நெருங்கியது. ஸ்காட்ஸோ பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையிலிருந்து தோன்றியது, ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. குழந்தையை அதில் 'பேர்ன்' என்பர், தேவாலயம் 'கிர்க்', எனக்குத் தெரியாது என்பதற்கு 'ஐ டின்னா கென்'. ஆங்கிலம் அறிந்தவர் காதில் இது பாதி விளங்கும், பாதி விளங்காது. அந்தப் பாதி விளக்கமே ஸ்காட்ஸுக்குப் பகையாயிற்று. முற்றிலும் வேறான கேலிக்கை அயல்மொழி என்று ஒதுக்கினர்; ஸ்காட்ஸையோ பிழையான ஆங்கிலம் என்று திருத்தினர்.

ஆனால் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் அரசவையிலும் சட்டத்திலும் கவிதையிலும் வழங்கியது இம்மொழிதான். 1603இல் ஸ்காட்லாந்தின் மன்னரே இங்கிலாந்துக்கும் மன்னராகி லண்டனுக்குச் சென்றதும் அரசவை மறைந்தது; 1707இல் நாடாளுமன்றமும் மறைந்தது. 18ஆம் நூற்றாண்டில் கற்றோர் தம் எழுத்தில் வந்துவிடக்கூடாத ஸ்காட்ஸ் வழக்குகளைப் பட்டியலிடத் தொடங்கினர். மெய்யியலறிஞர் டேவிட் ஹியூமே அத்தகைய பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். உலகம் மதித்த அறிஞர் ஒருவர் தாம் பிறந்த ஊரின் சொற்களைக் களையெடுத்தார் என்பதை எண்ணிப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது. அதே நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட் பர்ன்ஸ் அச்சொற்களைக் கொண்டே பாடிப் புகழ்பெற்றார். ஆயினும் பர்ன்ஸை ஆண்டுதோறும் கொண்டாடிய சமூகம், அவர் மொழியில் வகுப்பறையில் விடை சொன்ன மாணவனைத் திருத்தியது. தோல்வாரால் அடித்ததும் உண்டு.

ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஓர் ஆண்டு 1946. தொடக்கக் கல்வியைப் பற்றி ஸ்காட்லாந்தில் அவ்வாண்டு வெளிவந்த அரசறிக்கை, ஸ்காட்ஸ் படித்தவர்களின் மொழியன்று என்றும், கல்விக்கோ பண்பாட்டுக்கோ ஏற்ற ஊடகமாகாது என்றும் கருத்துரைத்தது. அடுத்த ஆண்டில் பண்பாட்டு விழா தொடங்கியது. விழாக் குழுவினர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் நிரலை வகுத்தனர் என்று நான் சொல்லவில்லை. படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அக்கருத்து அன்று காற்றில் கலந்திருந்தது.

சபை மண்டபத்தில் ஒரு பழைய நாடகம்

ஸ்காட்லாந்துக்கு இடமில்லையா என்னும் முறையீடு முதல் விழாவின்போதே எழுந்தது. நாடகாசிரியர் ஜேம்ஸ் பிரைடி முதலியோரின் முயற்சியால் 1948ஆம் ஆண்டு விழாவில் ஒரு ஸ்காட்ஸ் நாடகம் சேர்க்கப்பட்டது. தேர்ந்தெடுத்தது புதிய நாடகமன்று. ஏறத்தாழ 400 ஆண்டுகள் மேடையேறாமல் கிடந்த ஒன்று. சர் டேவிட் லிண்ட்சே எழுதிய 'மூன்று பெருங்குழுவினரைப் பற்றிய அங்கதம்' என்னும் அந்நாடகம் 1552இல் கூப்பர் என்னும் ஊரிலும் 1554இல் எடின்பரோவிலும் திறந்தவெளியில் நடிக்கப்பட்டது. சமயகுருமார், பிரபுக்கள், நகர வணிகர் ஆகிய மூன்று ஆளும் குழுவினரின் ஊழலை அது நகைப்புக்கு உள்ளாக்குகிறது. முழுமையாக நடித்தால் ஒரு பகல் கழிந்துவிடும். அதனைச் சுருக்கி, இன்றையோர் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஸ்காட்ஸில் அமைத்துத் தந்தவர் ராபர்ட் கெம்ப். விளிம்பு விழாவுக்குப் பெயர் தந்த அதே கெம்ப், அதே ஆண்டில்!

இயக்குநர் டைரோன் கத்ரிக்குப் படச்சட்டம் போன்ற வழக்கமான மேடை இதற்கு ஒவ்வாது என்று பட்டது. நகரிலுள்ள கூடங்களையெல்லாம் தேடியலைந்து, இறுதியில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபை மண்டபத்தைக் கண்டார். ஆண்டுக்கொருமுறை குருமார் கூடி விவாதிக்கும் மண்டபம் அது. நடுவில் மேடையை நீட்டி, மூன்று புறமும் மக்களை அமர்த்தினார். குருமாரைப் பழிக்கும் நாடகம் குருமாரின் மண்டபத்திலேயே நடந்தது என்று மகிழ்ந்து சொல்வோர் உண்டு. லிண்ட்சே சாடியது சமயச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய சபையை என்பதால் மண்டபத்துக்குரியோர் பெரிதாக வருந்தியிருக்க மாட்டார்கள்.

இந்நாடகத்தில் ஓர் இடம் குறிப்பிடத்தக்கது. ஆட்டத்துக்கு நடுவே, பார்வையாளர் கூட்டத்திலிருந்து கந்தல் உடுத்த ஏழை ஒருவன் எழுந்து ஆடுகளத்துக்குள் புகுந்துவிடுகிறான். போ, போ என்று விரட்டுகிறார்கள். அவன் போகவில்லை. தன் தந்தை இறந்ததும் குருவும் நிலக்கிழாரும் வரியென்றும் காணிக்கையென்றும் தன் கால்நடைகளைக் கொண்டுபோன கதையைச் சொல்கிறான். பின்னர் 'பொதுநலன் ஜான்' என்னும் பாத்திரமும் கூட்டத்திலிருந்தே பாய்ந்து வந்து ஆளுவோர் முன் முறையிடுகிறான். நாடகத்துக்குள்ளும் நீதி கேட்டு வருபவர்கள் அழைக்கப்படாதவர்களே. இவர்கள் பேசுவது அரசவைக்கும் சந்தைக்கும் பொதுவாயிருந்த ஸ்காட்ஸ். 1948இல் அதைக் கேட்டவர்களுள் எத்தனை பேர், தம் பள்ளியில் தடுக்கப்பட்ட சொற்கள் அவ்வளவு பெரிய மண்டபத்தில் முழங்குவதை முதன்முறையாகக் கேட்டிருப்பர்!

நாடகம் பெருவெற்றி பெற்றது. 1949இலும் 1951இலும் மீண்டும் நடிக்கப்பட்டது. மூன்று புறமும் மக்கள் சூழ அமையும் அந்த மேடை வடிவத்தைக் கத்ரி அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டுசென்றார். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில் 1953இல் அவர் தொடங்கிவைத்த விழாவின் அரங்கும், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1963இல் அவர் பெயராலேயே எழுந்த அரங்கும் எடின்பரோ மண்டபத்தின் வழித்தோன்றல்கள். பண்பாட்டுக்கு உதவாது என்று ஈராண்டுக்கு முன் ஒதுக்கப்பட்ட மொழியிலுள்ள நாடகம் ஒன்றால் மேலைநாட்டு அரங்கக் கட்டட அமைப்பே மாறியது.

மீனவப் பெண்ணும் பண்ணைக்காரரும் பாடிய இரவு

பழைய நாடகம் ஏட்டில் இருந்தது. எடுத்துத் தூசு தட்டினால் போதும். ஏட்டில் ஏறாத பாடல்களின் நிலை வேறு. அவை முதியோர் நாவில் மட்டுமே இருந்தன. பாடுவோர் மறைந்தால் பாடலும் மறையும். கவிஞரும் முன்னாள் போர்வீரருமான ஹேமிஷ் ஹெண்டர்சன் இதனை உணர்ந்தவர். அமெரிக்க நாட்டுப்புறவியல் அறிஞர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியுடன் 1951இல் ஸ்காட்லாந்துக்கு வந்தபோது, ஹெண்டர்சன் அவரை வடகிழக்கு ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்தியல் ஆய்வுப் பள்ளி தொடங்கியதும் அவ்வாண்டிலேயே.

பன்னாட்டு விழாவின் நுழைவுச் சீட்டு உழைப்போருக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்று கருதிய தொழிலாளர் அமைப்புகள், அதே 1951இல் 'மக்கள் விழா' என ஒன்றை நடத்தின. அதன் பகுதியாக ஆகஸ்டு இறுதியில் ஆட்ஃபெல்லோஸ் கூடத்தில் ஹெண்டர்சன் ஒரு 'கெய்லி'யை ஏற்பாடு செய்தார். கெய்லி என்பது கேலிக் சொல். ஊரார் ஒரு வீட்டில் கூடிப் பாட்டும் கதையுமாக இரவைக் கழிப்பது. மேடைக்கு வந்தவர்கள் தொழில்முறைக் கலைஞர் அல்லர். ஜெஸ்ஸி மரே கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த மீன்விற்கும் பெண். ஜான் ஸ்ட்ராக்கன் பண்ணை உரிமையாளர். ஜிம்மி மக்பெத் ஊர்ஊராய்த் திரிந்து பாடியவர். பாரா தீவிலிருந்து வந்த ஃப்ளோரா மக்னீலும் கேலம் ஜான்ஸ்டனும் கேலிக்கில் பாடினர். ஸ்காட்ஸும் கேலிக்கும் ஒரே மேடையில், மேற்பூச்சு எதுவுமின்றி, நகரத்தார் முன் ஒலித்தன. லோமாக்ஸ் அவ்விரவைப் பதிவுசெய்தார்.

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி அவ்விரவில் தொடங்கியதாகக் கருதுவோர் பலர். அஃது ஓரிரவில் தொடங்கியது என்பது மிகையாகலாம். ஆனால் கேட்ட இளைஞர் சிலர் பின்னர் அப்பாடல்களைத் தேடிக் கற்றுப் பாடகராயினர் என்பது உறுதி. மக்கள் விழாவுக்கோ நீண்ட ஆயுள் இல்லை. அது பொதுவுடைமையரின் முகமூடி என்னும் குற்றச்சாட்டு எழுந்தது; தொழிலாளர் அமைப்புகள் ஆதரவை விலக்கிக்கொண்டன; 1954உடன் அது நின்றது. ஒரு மொழியின் ஆக்கத்துக்கு உதவிய விழா அரசியல் ஐயத்தால் மடிவது அங்கும் நேர்ந்தது.

கவிஞரின் சினம்

1962 ஆகஸ்டில் எடின்பரோவின் மக்ஈவன் மண்டபத்தில் பன்னாட்டு எழுத்தாளர் மாநாடு கூடியது. பதிப்பாளர் ஜான் கால்டர் முன்னின்று நடத்திய அம்மாநாட்டுக்கு ஹென்றி மில்லர், நார்மன் மெய்லர், மியூரியல் ஸ்பார்க் உள்ளிட்ட பலர் வந்தனர். ஸ்காட்லாந்து எழுத்துக்கென ஒதுக்கிய நாளில் இருவர் மோதிக்கொண்டனர். ஒருவர் ஹியூ மக்டயர்மிட். எழுபது வயதுக் கவிஞர். 1920களில் ஸ்காட்ஸில் நவீன கவிதை எழுத முடியும் என்று எழுதிக் காட்டியவர். மற்றவர் அலெக்சாண்டர் ட்ரோக்கி. கிளாஸ்கோவில் பிறந்து பாரிசிலும் நியூயார்க்கிலும் வாழ்ந்த நாவலாசிரியர். ஸ்காட்லாந்தின் எழுத்து ஊர் எல்லைக்குள் சுருங்கித் தேங்கிவிட்டது என்பது ட்ரோக்கியின் குற்றச்சாட்டு. வேரற்ற உலகக் குடிமகன் என்று மக்டயர்மிட் அவரைச் சாடினார். சொற்கள் கடுமையாயின.

இருவருள் யார் சரி என்று மாணவர்களைப் பட்டிமன்றத்தில் பேசவைத்தால் நல்ல விவாதம் நடக்கும். என் கருத்தில், வாதத்தில் அன்று ட்ரோக்கியின் கை ஓங்கியிருக்கலாம். ஆனால் அவர் அறியாத ஓர் உண்மை மக்டயர்மிட்டின் படைப்பிலேயே இருந்தது. ஸ்காட்ஸில் எழுதிய அக்கவிஞர் ரஷ்யக் கவிதைகளை ஸ்காட்ஸில் தந்தவர். ஐரோப்பியச் சிந்தனை முழுவதையும் அச்சிறிய மொழிக்குள் இழுத்துவர முயன்றவர். வீட்டு மொழியும் உலக நோக்கும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன. மேடையில் நிகழ்ந்த சண்டை அதை மறைத்துவிட்டது.

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இத்தகைய மொழிச் சிக்கல் இல்லை. 1954 தொடங்கிச் சில ஆண்டுகள் கோடைதோறும் செசான், கோகேன், பிராக், மோனே ஆகியோரின் ஓவியங்கள் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் கூடங்களில் வைக்கப்பட்டன. மொழிபெயர்ப்பின்றியே மக்கள் கண்டு களித்தனர். எனினும் காட்சிக்கலையிலும் அழைப்போர் யார் என்னும் வினா உண்டு. எடின்பரோவில் பிறந்த இத்தாலிய வழியினரான ரிச்சர்ட் டெமார்கோ, 1970இல் டசல்டார்ஃப் நகரின் கலைஞர்களை எடின்பரோ கலைக் கல்லூரிக்குக் கொணர்ந்தார். அவர்களுள் ஜோசஃப் பாய்ஸ் ஸ்காட்லாந்தின் ரானக் சதுப்பு நிலத்துக்குச் சென்று, அந்நிலத்தையே தம் கலைநிகழ்வின் பகுதியாக்கினார். வந்த விருந்தினர் ஊரைப் பார்த்துவிட்டுப் படைத்தது அது.

இன்றைய நிலை

விளிம்பு விழா இன்று கடலாகிவிட்டது. கோவிட் தொற்றால் 2020இல் நின்றுபோனதற்கு முந்திய ஆண்டிலும், மீண்டெழுந்த அண்மை ஆண்டுகளிலும் 3,500க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன. தேவாலயக் கீழறை, மதுக்கூடத்து மாடி, பல்கலைக்கழக வகுப்பறை எல்லாம் அரங்குகள். தேர்வுக்குழு இல்லாத வாயில் இன்றும் திறந்தே இருக்கிறது. ஆனால் வாயிலுக்கு வெளியே வேறொரு காவலர் நிற்கிறார். அவர் பெயர் வாடகை. ஆகஸ்டில் அறை வாடகை பன்மடங்கு உயர்வதால், தங்க இடமின்றித் தவிக்கும் கலைஞரும் கடனுடன் ஊர் திரும்பும் குழுக்களும் பலர். வீடுகள் சுற்றுலாப் பயணியருக்கான குறுங்கால விடுதிகளாக மாறியதால் நகரவாசிகளும் துன்புற்றனர். அதனைக் கட்டுப்படுத்த 2022இல் நகரம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்க நேர்ந்தது. நடுவர் தேர்ந்தெடுக்காத இடத்தில் பணம் தேர்ந்தெடுக்கிறது. 1947இல் வந்த கிளாஸ்கோ தொழிலாளர் குழு இன்று வர முடியுமா என்பது எனக்கு ஐயமே.

ஸ்காட்ஸ் மொழிக்கு நேர்ந்தது என்ன? 1992இல் கவிஞர் எட்வின் மார்கன் பிரெஞ்சு நாடகமான 'சிரானோ'வைக் கிளாஸ்கோ மக்களின் ஸ்காட்ஸில் மொழிபெயர்த்தார். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. பிரெஞ்சு நாடகம் பிரெஞ்சில் வந்து, உள்ளூர் மொழி வெளியே நின்ற 1947ஐ எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் சுவை விளங்கும். 2006 விளிம்பு விழாவில், அவ்வாண்டுதான் தன் பணியைத் தொடங்கியிருந்த ஸ்காட்லாந்து தேசிய நாடக அமைப்பு, கிரெகரி பர்க் எழுதிய 'பிளாக் வாட்ச்' நாடகத்தைப் பழைய பயிற்சிக் கொட்டகை ஒன்றில் நடத்தியது. ஈராக் போருக்குச் சென்று திரும்பிய ஃபைஃப் வட்டார இளைஞர்களின் கதை. அவர்கள் தம் ஊர்ப் பேச்சையே பேசினர். எவருக்காகவும் அது மென்மையாக்கப்படவில்லை. அந்நாடகம் பின்னர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்பேச்சிலேயே நடிக்கப்பட்டது.

பள்ளியிலும் காற்று மெல்லத் திசை மாறியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக ஸ்காட்ஸ் பற்றிக் கேட்டபோது, 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பேசுவதாகக் கூறினர். கேலிக் பேசுவோர் ஏறத்தாழ 57,000 பேர். 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வ நிலை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஸ்காட்ஸ் ஒரு மொழிதானா என்று இன்றும் கேட்போர் உண்டு. விழாவின் ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளில் அம்மொழிக்குரியவை இன்றும் சிறுபகுதியே.

ஆட்ஃபெல்லோஸ் கூடத்தின் ஒலிப்பதிவு மட்டும் அழியாமல் இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அது குறுந்தட்டாக வெளிவந்தது. ஒவ்வொரு பாடகரையும் ஹெண்டர்சன் அறிமுகப்படுத்துவதை அதில் கேட்கலாம். ஜெஸ்ஸி மரேயின் குரல் முதியது. துணைக்கு இசைக்கருவி ஏதுமில்லை. பல்லவி வரும் பாடல்களில் கூடத்திலிருந்தோரும் சேர்ந்து பாடுகின்றனர்.